ஞானஸ்நானத்துக்கு மறுநாள்



புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களைத் துன்பகாலத்தில் நிலைநிறுத்துவது எப்படி என்று ஆராய புதுச்சேரியின் இந்த உப்பளத்தில் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளில் நாம் கேட்டு வளர்ந்த பிரசங்கங்கள் புதியவரைப் பார்த்தே பேசும். உறுதியாயிரு, ஜெபத்தை விடாதே, பின்வாங்காதே என்று சொல்லும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டுத் திருச்சபையின் பழைய ஏடுகளோடு நெடுங்காலம் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில், நான் கேட்க விரும்புவதெல்லாம் பழைய விசுவாசிகளிடம்தான். ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் காலையில் அந்தக் குடும்பம் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தது? அவர்களுக்கு யார் வேலை கொடுத்தார்கள்? மகளுக்கு வரன் எங்கிருந்து வந்தது? வீட்டில் சாவு விழுந்தபோது பாடை தூக்க எத்தனை பேர் வந்தார்கள்? புது விசுவாசியின் உறுதி பெரும்பாலும் இந்தக் கேள்விகளின் விடையில்தான் இருந்திருக்கிறது என்பது என் துணிபு.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு செய்தி உண்டு. லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்தவர் மறுநாள் பர்னபாவோடு தெர்பைக்குப் போனார். அங்கிருந்து சொந்த ஊருக்கு வேறு வழியாகத் திரும்பியிருக்கலாம். இருவரும் அதே லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் அந்தியோகியாவுக்கும் திரும்பிப் போய், புதிய சீஷர்களைத் திடப்படுத்தி, சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்திவிட்டுத்தான் கிளம்பினார்கள். திடப்படுத்துவது என்றால் முதலில் திரும்பிப் போவது. அடுத்து, நாம் போன பிறகும் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைவிடச் சிறந்த முறை ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் கடற்கரையில் இதைச் செய்து பார்த்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏறக்குறைய யாருமே இல்லை. 1542-இல் வந்த சவேரியார் முதலில் செய்தது, ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் உள்ளூர்க்காரர்கள் உதவியோடு தமிழில் வைத்து, மணியடித்துக் கூட்டி, மனப்பாடம் செய்வித்தது. இரண்டாவதாக, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்துச் சம்பளம் கொடுத்தார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தை அந்தச் சம்பளத்துக்காகக் கேட்டு வாங்கினார். அரசியின் காலணிப் பணம் மீனவர் குப்பத்தில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவரின் வீட்டில் அடுப்பெரித்தது.

1544-ஆம் ஆண்டு சூன் மாதம். வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கன்னியாகுமரிக் கடலிலுள்ள பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி கிடைத்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று தோணிகளை விடவில்லை. பிறகு கரைவழியாக நடந்தே போனார். உடன் ஊழியர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். அந்த மாதங்களில் அவர் கவலையெல்லாம் தோணி, சோறு, தண்ணீர், அகதிகளுக்கு இடம், ஊர்ப் பெரியவர்களிடம் உதவி கேட்பது என்றே இருந்தது. இறையியல் நூல்களில் இது ஒரு அத்தியாயமாக வராது. ஆனால் அந்தக் கரை இன்றுவரை அந்த விசுவாசத்தில் நிற்கிறது.

என் துணிபுக்கு எதிரான சான்றும் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசினால் ஆய்வாகாது. அதே 1544-இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொன்றார். நிலையான துணை ஒன்று அமைவதற்கு முன்பே அவர்கள் மரித்துப்போனார்கள். ஆகவே கிருபை எப்போதும் ஆள் துணையை எதிர்பார்த்து நிற்பதில்லை. மன்னார் மக்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களைக் காட்டி, புதியவர்களைத் தனியாக விட்டுவிடலாம் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி நம் புதுச்சேரிக்கு வருகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் 1745-ஆம் ஆண்டு அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி, நம் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியதைவிட நமக்கு முக்கியமானது. காரைக்கால் கோயிலில் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அது இடிக்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும், புதுச்சேரிச் சம்பா கோவிலைச் சேர்ந்த பறையர் கிறிஸ்தவர்கள் கூடிப் பேசிக் குருவிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீஷர்தானே, ஆண்டவர் அப்படி வேறுபடுத்தியிருக்கிறாரா என்பது அவர்கள் கேட்டதன் சாரம். குருவுக்கு அது நியாயமாகப் பட்டது. இங்கும் சுவர் இடிந்தது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இறுதியில் ஏதோ ஒரு தடுப்பு மறுபடியும் வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த மக்களுக்குத் துன்பம் எங்கிருந்து வந்தது? அரசனிடமிருந்து வரவில்லை, அண்டை வீட்டுக்காரனிடமிருந்தும் வரவில்லை. பக்கத்தில் முழங்காலிட்டவனிடமிருந்து வந்தது. அப்படி இருந்தும் அவர்கள் கோயிலை விட்டுப் போகவில்லை. கூடிப் பேசினார்கள், குருவிடம் நியாயம் கேட்டார்கள். துன்பத்தில் உறுதி என்பதற்கு இந்த ஊரிலேயே கிடைக்கும் மிகப் பெரிய முன்மாதிரி அவர்கள்தான் என்று நான் கருதுகிறேன். நாட்குறிப்பு அவர்களைக் கூட்டமாகவே காட்டுகிறது, தனித்தனிப் பெயர் அதில் இல்லை. சம்பா கோவிலும் 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைத் தரைமட்டமாக்கியபோது அழிந்துவிட்டது.

அதே 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று, தெற்கே வடக்கன்குளத்தில் நீலகண்டப் பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1749-இல் சிறை, மூன்றாண்டுச் சித்திரவதை, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. ஆனால் அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்த உரையாடலை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. மாடும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் சோர்ந்திருந்தவரிடம், குளச்சல் போரில் கைதாகித் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். அதாவது அந்த மனிதருக்குக் கிடைத்த முதல் பாடமே நீதிமானுக்கும் துன்பம் வரும் என்பது. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டால் கடன் தீரும், நோய் போகும், வியாபாரம் செழிக்கும் என்று சொல்லி இன்று ஆள் சேர்க்கிறவர்கள், வந்தவரை முதல் அடியிலேயே விழத் தயாராக்குகிறார்கள். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் தயங்கியவர், பிறகு வடக்கன்குளத்தில் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். கணவர் சுடப்பட்டபின் அந்த ஊருக்கே குடிவந்து, 1766-இல் அங்கேயே இறந்தார். அந்தப் பதினான்கு ஆண்டுகளைப் பற்றி நாம் என்ன எழுதியிருக்கிறோம்? மறைசாட்சியின் மரணத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள், விதவையின் வாழ்வுக்கு ஒரு பத்தி. சாவதற்கு ஒருநாள் துணிவு வேண்டும். இருப்பதற்குத் தினந்தோறும் யாராவது வீட்டுக்கு வந்து போக வேண்டும். ஞானப்பூ அம்மாளுக்கு வடக்கன்குளம் அடைக்கலம் கொடுத்தது. அதே வடக்கன்குளத்தில்தான் அடுத்த நூற்றாண்டில் ஒரே கோயிலுக்குள் நடுச்சுவர் எழுப்பி, சாதி சாதியாக மக்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். கௌசானல் அடிகளார் 1910-இல் அதை இடித்தார். அடைக்கலமும் சுவரும் ஒரே ஊரின் கைவேலையாக இருந்திருக்கின்றன.

சீர்திருத்தச் சபை நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது முதலூரை. 1790-களின் இறுதியில் திருநெல்வேலிச் சாத்தான்குளம் வட்டாரத்தில் புதுக்கிறிஸ்தவர்கள் அடிபட்டார்கள், ஜெபவீடுகள் எரிந்தன. உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 1799-இல் நிலம் வாங்கி, கிணறு வெட்டி, ஒரு ஊரையே உண்டாக்கினார். பிறகு மிஷனரி ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கம் தொடங்கி, இப்படிப்பட்டவர்களுக்கு நிலமும் வீட்டுமனையும் வாங்கிக் கொடுக்கும் வேலையை ஒழுங்குபடுத்தினார். தனி ஊர் அமைப்பது பழைய உறவுகளை அறுத்துவிடும் என்ற எதிர்வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. அந்த விவாதம் நாளைய அமர்வில் வரும். ஆனால் கூரை எரிந்து நிற்பவனுக்கு அன்றிரவு தேவைப்பட்டது ஒரு கூரை.

இங்கே உபதேசியார் என்ற மனிதரைப் பற்றி நின்று பேச வேண்டும். வீரமாமுனிவர் 1727-இல் வேதியர் ஒழுக்கம் எழுதினார். பின்னாளில் நம் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அது அச்சேறியது. கிறிஸ்தவர்களின் உறுதி வெளிநாட்டுக் குருக்களைவிட, வேதியர்கள் எனப்பட்ட உபதேசியார்கள் கையில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட ஒருவர்தான் அவர்களுக்கென்று அப்படி ஒரு நூல் எழுத முடியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் உபதேசியார் சனிக்கிழமை மாலையில் புதிதாகச் சேர்ந்த வீடுகளுக்குப் போவார். திண்ணையில் உட்கார்ந்ததும், “உலை வச்சாச்சா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் ஜெபப் புத்தகத்தை விரிப்பார். பதில் தயங்கி வந்தால் புத்தகத்தை விரிக்காமல் எழுந்து போவார். அரைமணியில் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து யாராவது முறத்தில் அரிசியோடு வருவார்கள். நட்ட நாற்று பச்சை பிடிக்கும்வரை வரப்பை விட்டு நகராத விவசாயியைப் போல, ஒரு குடும்பத்தை இரண்டு மூன்று வருடம் அப்படிப் பார்த்துக்கொள்வார். இன்று எத்தனை பங்குகளில், எத்தனை சபைகளில் முழுநேர உபதேசியார் இருக்கிறார்? இருப்பவருக்குக் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் கொடுக்கிறோமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருமுழுக்குக்கு முந்தைய படிப்படியான ஆயத்தத்தை மீட்டது, 1972-இல் அதற்கான சடங்குமுறையும் வந்தது. ஆயத்தத்துக்கு நூல் இருக்கிறது. பின்தொடர்வதற்கு ஆள் இல்லை.

இன்றைய துன்பங்களில் இரண்டை மட்டும் தொடுகிறேன். முதலாவது, சட்டம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணைப்படி, பட்டியலினத்தில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. வழக்கு நம் புதுச்சேரியிலிருந்து போனது. கிறிஸ்தவ வாழ்க்கை வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் பட்டியலினச் சான்றிதழ் கேட்பது அரசமைப்பை ஏமாற்றுவது என்று அது சொன்னது. அந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் ஆராயட்டும். நான் நம்மைக் கேட்கிறேன். ஒரு தலித் இளைஞன் ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கும்போது, பட்டியலினத்தவருக்கான கல்வி உதவித்தொகையையும் அரசு வேலை ஒதுக்கீட்டையும் விட்டுவிட்டுத்தான் நிற்கிறான். சேர்ந்த இடத்தில் அவனுக்கு நம் பள்ளியிலும் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் இடம் எவ்வளவு? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். அந்தக் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்தின் சேர்க்கைப் பட்டியலிலும் எப்படி நிறைவேறியிருக்கிறது என்று காட்டும் கட்டுரை ஒன்றாவது இந்த மாநாட்டில் வாசிக்கப்படும் என்று எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது, அடக்கம். இந்த உப்பளத்தில் நமக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குடும்பம் குடும்பமாக மெழுகுவர்த்தியோடு வருகிறோம். அந்தப் பாக்கியத்தின் விலை நமக்குத் தெரிவதில்லை. 2025 சனவரியில் சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியில் ஒரு போதகர் இறந்தார். சொந்தக் கிராமத்தில் புதைக்க விடவில்லை. உடல் வாரக்கணக்கில் பிணவறையில் இருந்தது, மகன் உச்ச நீதிமன்றம்வரை போனார். இரு நீதிபதிகளும் மாறுபட்ட கருத்துச் சொல்லி, கடைசியில் வேறு ஊரிலுள்ள கிறிஸ்தவர் கல்லறையில் அடக்கம் செய்யும்படி உத்தரவானது. நம்மிடையேயும், பங்குப் புத்தகத்தில் பெயர் ஏறாத, சிறு ஜெபவீட்டில் மட்டும் ஆராதிக்கும் ஏழை இறந்தால் ஆறடி மண்ணுக்கு அலைய வேண்டியிருக்கிறது. எந்தச் சபை என்று கேட்காமல் இடம் கொடுக்க நம்மால் முடியாதா? இதற்குப் பெரிய இறையியல் தேவையில்லை. கல்லறை நிர்வாகங்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

இந்த மூன்று நாளும் நீங்கள் ஆராயப்போகிறவற்றோடு ஒரு வேலையையும் ஏற்க வேண்டுகிறேன். நம் பங்குகளிலும் சபைகளிலும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. உபதேசியார்களின் குறிப்பேடுகள் அப்படியில்லை. யார் வீட்டுக்கு எப்போது போனார்கள், யாருக்கு என்ன நேர்ந்தது, யார் திரும்பிப் போனார்கள், ஏன் போனார்கள் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். அவை பரணில் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. விழுந்தவர்களின் வரலாறும் நமக்கு வேண்டும். நிலைத்தவர்களின் கதையை மட்டும் சேகரித்தால், யாரைக் கைவிட்டோம் என்பது தெரியாமலே போகும். ஒவ்வொரு பேராளரும் தம் ஊரில் ஒரு குறிப்பேட்டையாவது கண்டெடுத்து, படமெடுத்து, இந்தக் கருத்தரங்கக் குழுவிடம் சேர்க்க வேண்டும். வாழும் முதிய உபதேசியார்களைப் பேட்டி கண்டு பதிவு செய்யும் பொறுப்பை மாணவர்கள் ஏற்கட்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உபதேசியார்களிடமிருந்தே அதைத் தொடங்கலாம். முதல் அமர்வில் கட்டுரையாளர்களுக்கு முன்பாக அவர்கள் பேசட்டும் என்று தலைவர் என்ற உரிமையில் நிகழ்ச்சி நிரலை மாற்றி, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.