மண்ணுக்குத் திரும்பிய கல்வி



ஊர் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறது. பிள்ளையோ, பட்டம் கைக்கு வந்ததும் பெருநகருக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறது. கிணறு வெட்டியவன் நீர்வேட்கையால் வாட, ஊறிய நீர் வேற்றூர் வயலுக்குப் பாய்வது போன்றது இந்நிலை. “திரும்பி வந்து இந்தச் சிற்றூரில் என்ன செய்வது?” என்று கேட்கும் இளைஞர்க்குச் சொல்லால் விடை கூறுவது எளிது. வாழ்வால் விடை கூறிய இணையர் ஒருவர் மராட்டிய மாநிலத்தில் உள்ளனர். அவர்கள் மருத்துவர் அபய் பங்கும் மருத்துவர் இராணி பங்கும் ஆவர்.

தமிழ் மேடையில் மராட்டியரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எவரும் ஐயுற வேண்டா. இவ்விருவரும் தொண்டாற்றும் கட்சிரோலிக் காடுகளில் வாழ்வோருள் கோண்டு மக்கள் பலர். அவர்தம் கோண்டி மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது, தமிழுக்கு உடன்பிறப்பு. உடன்பிறந்தாள் வீட்டில் விளக்கேற்றியவர்களை அறிந்து போற்றுதல் தமிழர் கடனன்றோ?

1950-இல் பிறந்த அபய், வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், காந்தியடிகளின் கல்விக் கொள்கைப்படி நடந்த பள்ளியில் பயின்றவர். கைத்தொழிலோடு அறிவையும் தாய்மொழி வழியே ஊட்டுவது அக்கொள்கை. இராணி, சந்திரபூர் என்னும் ஊரினர். அச்சந்திரபூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1982-இல் உருவானதே கட்சிரோலி மாவட்டம். இருவரும் நாகபுரியில் மருத்துவம் கற்றனர். 1977-இல் மணம் புரிந்தனர். பின்னர் அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் பொதுநல மருத்துவம் பயின்று, 1984-இல் பட்டம் பெற்றனர். அங்கேயே தங்கியிருப்பின் பெயரும் பொருளும் குவிந்திருக்கும். அவர்களோ காடு சூழ்ந்த கட்சிரோலியைத் தேர்ந்தனர். 1985-இல் ‘சர்ச்சு’ என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர்.

வந்தவுடன் மருந்துப் பெட்டியைத் திறந்து அறிவுரை கூறத் தொடங்கவில்லை. முதலில் செவி கொடுத்தனர். இரண்டு சிற்றூர்களின் பெண்டிரை இராணி ஆராய்ந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிருவர் மகளிர்நோய் ஒன்றோ பலவோ உற்றிருந்தனர். அதற்கு முன் அந்நோய்க்காக மருத்துவரிடம் காட்டியவரோ நூற்றுக்கு எண்மரே. 1989-இல் வெளியான இவ்வாய்வு, ஏழைப் பெண்ணுக்கு மகப்பேறு ஒன்றே மருத்துவத் தேவை என்று எண்ணியிருந்த உலகை விழிக்கச் செய்தது. நாணத்தால் வாய் திறவாத தாய்மார், தம் மொழியில் தம்மோடு ஒருத்தியாய் அமர்ந்து கேட்டவரிடமே துன்பத்தை உரைத்தனர் என்பதை இங்குக் கருதுக.

மருத்துவமனை எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் அம்மக்களிடமே கேட்டனர். பெருங்கட்டடம் அச்சுறுத்துகிறது என்றனர் மக்கள். நோயாளியோடு சுற்றமும் தங்க இடம் வேண்டும் என்றனர். அவ்வாறே பழங்குடியினர் குடில்களைப் போன்ற மனைகள் எழுந்தன. அம்மக்கள் வணங்கும் தந்தேசுவரித் தாயின் பெயரே மருத்துவமனைக்குப் பெயராயிற்று.

இன்னொரு செய்தி கேட்டு மகிழத் தக்கது. நுரையீரல் அழற்சியால் குழந்தைகள் மடிந்தன. குழந்தை ஒரு மணித்துளியில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணினால் நோயை அறியலாம். ஆனால் ஊர் மருத்துவச்சியர் பலர்க்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. “எழுத்தறியாதவருக்கு இது கைவராது” என்று பங் இணையர் ஒதுக்கவில்லை. ஒரு மணித்துளி ஓடும் மணற்குடுவையும், நகர்த்தத் தக்க மணிகளும் கொண்ட எளிய கருவியை அமைத்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் முழுதும் இறங்குமுன் சிவப்பு மணி நகர்ந்துவிட்டால் குழந்தைக்கு நோய் என்று பொருள். மருத்துவ அறிவு மருத்துவச்சியின் விரல்நுனிக்கு இறங்கி வந்தது. பயிற்சி பெற்ற ஊரார் குழந்தைகளுக்கு மருந்தளித்தனர், சாவு குறைந்தது. 1990-இல் இலான்செட்டு என்னும் மருத்துவ இதழ் அவ்வாய்வை வெளியிட்டது.

அடுத்து, பிறந்த சிசுக்களைக் காக்க ஊர்ப் பெண்டிரையே பயிற்றினர். அவர்கள் வீடுதோறும் சென்று சிசுவை நிறுத்து எடை பார்த்தனர். குளிர் தாக்காமல் போர்த்தனர். குருதியில் நச்சேறிய சிசுவுக்கு ஊசி மருந்தும் இட்டனர். 39 சிற்றூர்களில் நடந்த இம்முயற்சியின் மூன்றாம் ஆண்டில், பிற சிற்றூர்களோடு ஒப்பிட, பிறந்த 28 நாளுக்குள் நேரும் சாவு 62 விழுக்காடு குறைந்தது. 1999-இல் வெளியான இம்முடிவு பல நாடுகளின் கருத்தைக் கவர்ந்தது. 2011-இல் இந்திய அரசும் வீட்டிலேயே சிசுவைப் பேணும் திட்டத்தை நாடெங்கும் மேற்கொண்டது. காட்டூரில் முளைத்த விதை நாடெங்கும் நிழல் பரப்பிற்று.

இவ்வெற்றியின் வேர் எது? பணமன்று, பெருங்கட்டடமுமன்று. ஆங்கிலத்தில் கற்றதை மக்கள் மொழிக்கு மாற்றிக் கொடுத்த உள்ளமே வேர். இராணி, காட்டு மரங்களுக்கும் பெண்டிருக்கும் உள்ள உறவை மராத்தியிலேயே நூலாக எழுதினார். அபய் தம் நெஞ்சுநோய்ப் பட்டறிவையும் மராத்தியிலேயே எழுதினார். உலக இதழ்க்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள், தம் மக்களுக்குத் தம் மொழியில் எழுதுவதை இழுக்கென்று எண்ணினாரல்லர்.

தமிழில் மருத்துவம் இயலாது என்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்கட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் அங்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டார்க்கு இயன்றது, அம்மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த தமிழ் மருத்துவர்க்கு இயலாதோ?

வெளியூர் சென்று கற்பது குற்றமன்று. உலகெங்கும் சென்று கற்க! ஆனால் கற்றது ஊருக்குத் திரும்பட்டும். ஊருக்குத் திரும்பிய பின்னும் புரியாத மொழியில் பேசுவதாயின், அது பாதி வழியில் நின்ற திரும்புதலே. மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுக! நோயின் இயல்பைத் தாய்க்குத் தமிழில் விளக்குக! உழவனுக்கு மண்ணின் தன்மையையும், தொழிலாளிக்குச் சட்டத்தையும் தமிழில் கூறுக! படித்தவர் இருவர் மனம் ஒன்றி ஓர் ஊரைத் தமதென்று கொண்டால் அவ்வூர் தலைநிமிரும் என்பதற்குக் கட்சிரோலி சான்று. தமிழகத்துச் சிற்றூர்கள் அத்தகைய இணையரை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!