சாக்கெட்டின் உட்புறம் கூறும் செய்தி



தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், மெக்கானிக் பயிற்சி முடித்த நம் பிள்ளைகள் பலர் சொந்தப் பட்டறை தொடங்க முற்படுகின்றனர். கைமுதல் குறைவாதலின் பழைய கருவிகளையே வாங்க நேரிடுகிறது. அவற்றுள் நட்டைக் கழற்றும் சாக்கெட்டைப் பற்றி மட்டும் இன்று கூற விரும்புகிறேன். வெளிப்பூச்சின் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். அதன் தகுதி உட்புறத்தில் இருக்கிறது.

முதலில் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளே நோக்குங்கள். அங்குக் காணும் வடுக்கள் அனைத்தும் தேய்மானம் அல்ல. நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள், ஆறு முகங்களிலும் ஒரே சீராக இருப்பின், அவை செய்யும்போது வெட்டுக்கருவி விட்ட தடங்களாகும். ராட்செட் நுழையும் சதுரத் துளையின் சுவர்களில் உள்ள சிறு குழிகள் ராட்செட்டின் குண்டு அமர்வதற்காக இடப்பட்டவை. மூலைகள் வளைந்திருப்பதும் எப்போதும் குறையன்று. விசை நட்டின் முனைகளில் விழாமல் முகங்களில் விழவேண்டும் என்பதற்காகச் சில சாக்கெட்டுகளை அவ்வாறே செய்கின்றனர். அவ்வளைவு வாயிலிருந்து உள்ளே வரை மாறாமல் இருக்கும்.

தேய்மானமோ நட்டு அமரும் ஆழத்தில் மட்டும் காணப்படும். நகத்தால் உள்ளிருந்து வாய்வரை தடவினால், தேயாத இடத்திற்கும் தேய்ந்த இடத்திற்கும் இடையே ஒரு படி தட்டுப்படும். அத்தகைய சாக்கெட்டை வாங்காதீர்கள்.

இவற்றினும் கொடியது மூலையில் தோன்றும் மயிரிழை விரிசல். ஐயமிருப்பின் மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். அதனைப் பற்றவைத்துப் பயன்படுத்த எண்ணாமல் ஒதுக்கிவிடுங்கள்.

அளவும் காண்க. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆயினும் பழைய இரும்புக் கடைகளில் அங்குலச் சாக்கெட்டுகள் கலந்தே கிடக்கின்றன. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. ஆதலின் 19 மி.மீ. நட்டுக்கு ஏறக்குறையப் பொருந்தும். 9/16 அங்குலமோ 14.29 மி.மீ.; அதனை 14 மி.மீ. நட்டில் மாட்டினால் ஆடும், நட்டின் முனைகளை மழுக்கும்.

நட்டு மழுங்கினால் வண்டிக்காரர் சாக்கெட்டைக் குறை கூறமாட்டார். வேலை தெரியாதவன் என்று உங்களையே கூறுவார். அச்சொல் பிறருக்கு அன்றோடு ஒழியும். நம் பிள்ளைக்கோ அவன் பிறப்போடும் சேர்த்துக் கூறப்படும். விசையோடு இழுக்கும்போது சாக்கெட் வழுக்கினாலோ பிளந்தாலோ அடிபடுவதும் உங்கள் கையே. நல்ல கருவியைத் தேய்ந்ததென்று தள்ளினாலும் நட்டம். தேய்ந்ததை நல்லதென்று கொண்டாலும் நட்டம்.

ஆதலால் கடைக்காரர் சொல்லையும் பளபளப்பையும் அப்படியே நம்பாமல், கையில் எடுத்து ஆராய்ந்து, காரணம் கண்டபின் ஏற்றுக்கொள்ளுங்கள். இச்சங்கம் கல்வி என்று கூறுவது ஏட்டுக் கல்வியை மட்டுமன்று. இப்பழக்கத்தையும் சேர்த்தே ஆகும்.