கையிருப்புத் துணியும் சிறு தையலகமும்

ஆடை செய்து விற்போருக்குத் துணி இரண்டு வழிகளிற் கிடைக்கின்றது. வேண்டிய நூலையும் நெசவையும் நிறத்தையும் குறித்து ஆலைக்குக் கட்டளை கொடுத்து நெய்வித்துக் கொள்ளுதல் ஒரு வழி. வணிகர் முன்னரே வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கி வைத்திருக்கும் துணியில் வேண்டிய அளவைப் பெற்றுக்கொள்ளுதல் மற்றொரு வழி. இதனையே கையிருப்புத் துணி என்பர். முதல் வழி பெருமுதல் உடையோர்க்கே இயல்வது. ஒரு நிறத்தைத் தனியே தோய்த்துத் தருவதற்கு ஆலைகள் பல நூறு மீற்றர் முதல் ஆயிரக்கணக்கான மீற்றர் வரை கட்டளை கேட்பது வழக்கம். நான்கைந்து தையற்பொறிகளோடு தொழில் தொடங்கும் ஒருவர் அத்துணை துணியை எங்கே வைப்பார்? எப்பொழுது விற்று முடிப்பார்?

யாழ்ப்பாணத்து இணுவிலை எடுத்துக்கொள்க. காங்கேசன்துறை வீதியில், கொக்குவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்த இவ்வூர் கோயிலாலும் இசையாலும் பெயர் பெற்றது. தைப்பூசத்தன்று கந்தசுவாமி கோயில் மஞ்சம் உலா வரும் வேளையில் இங்குப் புத்தாடை உடுத்தாத வீடு அரிது. இத்தகைய ஊரில் ஒரு சிறு தையலகம் தன் பெயரைச் சட்டைக் கழுத்திற் பொறித்து விற்க முற்படுகின்றது எனக் கொள்வோம். அதற்கு வேண்டிய துணி பெரும்பாலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கேயுள்ள கொழும்புப் புறக்கோட்டையின் மொத்தக் கடைகளிலிருந்தே வரவேண்டும்.

அந்த வழியும் எந்நாளும் திறந்திருந்ததன்று. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. 2014ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் நகரை அடைந்தது. கண்டி வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மறுபடியும் திறந்தது. அக்காலத்திற் கிடைத்த துணியே துணி. தெரிவு என்பது இல்லை. வழி திறந்தபின் தெரிவு வந்தது. தெரிவோடு தெரியாமையால் வரும் இழப்பும் வந்தது.

புறக்கோட்டைக் களஞ்சியங்களிற் குவியும் துணி இருவகைத்து. இந்தியா, சீனா முதலிய நாடுகளிலிருந்து விற்பனைக்கென்றே வருவது ஒன்று. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சிய துணி மற்றொன்று. 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இத்தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் மிஞ்சியது சந்தைக்கு வருகின்றது. தரம் உயர்ந்தது, விலை குறைந்தது. ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததே.

இங்கேதான் கையிருப்புத் துணியின் உண்மையான இடர் உள்ளது. ஒரே முறை சாயந் தோய்த்து எடுத்த தொகுதியை வணிகர் ‘லொட்’ என்பர். அடுத்த முறை அதே சாயத்தை, அதே அளவில் இட்டாலும் நிறம் நூலிழை அளவேனும் வேறுபடக்கூடும். ஒல்லாந்தர் ஆட்சியில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் தோண்டிய சாயவேரினால் செந்நிறம் ஏற்றிய காலத்திலும் வேருக்கு வேர், நீருக்கு நீர் நிறம் மாறியதே. இன்றைய சாயம் ஆலையிற் பிறந்தது. எனினும் அவ்வியல்பு முற்றும் நீங்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அறுபது ஆண் சட்டைகளுக்குக் கட்டளை வந்திருக்கின்றது. 58 அங்குல அகலத் துணியிற் சட்டை ஒன்றுக்கு 1.6 மீற்றர் என்றால் 96 மீற்றர் வேண்டும். பழுதுக்கென நூற்றுக்கு ஐந்து கூட்டினால் ஏறத்தாழ 101 மீற்றர். ஐம்பது மீற்றர்ச் சுருள் இரண்டு வாங்கினால் ஒரு மீற்றர் குறையும். பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிச் சென்றால் அந்த லொட் இராது. குறைந்த ஒரு மீற்றரை வேறு லொட்டிலிருந்து எடுத்துக் கையை வெட்டினால் உடல் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாகும். ஆகவே வேண்டிய முழுவதையும் ஒரே லொட்டில், ஒரே முறையில் வாங்குதல் வேண்டும். சுருள்கள் பலவாயின், ஒரு சட்டையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுதல் வேண்டும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் எளியவை. முதலில் அகலத்தை அளத்தல். 44 அங்குலமும் 58 அங்குலமும் மீற்றர் விலையில் ஒப்பிடத்தக்கன அல்ல. அடுத்துத் துணியை வாயிலிற் கொண்டுவந்து வெயிலிலும், உள்ளே மின்விளக்கிலும் பார்த்தல்; ஓர் ஒளியில் ஒத்த நிறங்கள் மற்றோர் ஒளியில் ஒவ்வாதிருத்தல் உண்டு. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தாற் சாயம் ஒட்டுகின்றதா என்பது தெரியும். சில நூலிழைகளைத் தீயிற் காட்டினால் பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஐம்பது சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றைக் குறித்துக் கழுவி உலர்த்தியபின் அளந்து நாற்பத்தெட்டாகக் கண்டால், சுருக்கம் நூற்றுக்கு நான்கு. முப்பது அங்குலச் சட்டை முதற் சலவையிலே ஓரங்குலத்துக்கு மேல் குறுகும். அதனை அறிந்து முன்னரே துணியைக் கழுவியோ, அளவைக் கூட்டியோ வெட்டலாம். அறியாமல் வெட்டினால் உடுத்தவர் மறுபடி அக்கடைக்கு வாரார்.

பெரிய நிறுவனம் ஒரு தவறைத் தாங்கும். இணுவிலின் சிறு தையலகமோ அடுத்த தெருவில் வாழ்வோருக்கே விற்கின்றது. நிறம் மாறிய சட்டை கோயில் வீதியிலே தையற்காரரை எதிர்கொள்ளும். ஆதலின், கையில் உள்ள துணிக்கு மாத்திரம் வாக்குக் கொடுத்தல் நன்று. ‘இந்தத் துணி இவ்வளவுதான், முடிந்தால் அடுத்தது வேறு நிறம்’ என்று முதலிலேயே சொல்வது வியாபாரத்துக்குக் குறைவன்று. பத்து மீற்றர் வாங்கிச் சிலருக்குத் தைத்து, விற்றபின் வேறொன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்பதே சிறியோருக்குக் கையிருப்புத் துணி தரும் பேறு. அப்பேறு, கத்தரியை எடுக்குமுன் அளவுகோலை எடுப்பவருக்கே பயன்படும்.