மரக்காலும் அமைதியும்



இருபதாம் நூற்றாண்டின் போர்கள் என்றவுடன் ஐரோப்பியப் போர்க்களங்களும் இரோசிமா நகரும் நினைவுக்கு வரும். குண்டு விழாத ஊருக்குள் போர் எவ்வாறு நுழைந்தது, அதன் பின்னர் அவ்வூரில் என்ன கிளர்ந்தது என்பதை அறிய, மல்லிநாதர் ஜினாலயம் அமைந்த இந்த மன்னார்குடியின் வரலாறே போதும். நெல் அளக்கும் மரக்காலைத் தொடர்ந்து சென்றால் அவ்வரலாறு விளங்கும்.

1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. அதுவரை சென்னை மாகாணம் தன் அரிசிக் குறையைப் பர்மா அரிசியால் ஈடுசெய்து வந்தது. அவ்வழி அடைபட்டதும் நெல்விலை ஏறியது. அரசின் கொள்முதலும் பங்கீடும் தொடர்ந்து வந்தன. 1943இல் வங்கப் பஞ்சம் ஏறக்குறைய 30 இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழருள் பலர், ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையில் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர்.

நெற்களஞ்சியமான தஞ்சையில் நெல்லை விளைவித்தவர் வயிறு அப்போதும் காய்ந்தே கிடந்தது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. பிழை செய்தவனுக்குச் சவுக்கடி. மேலும் இழிவுபடுத்தச் சாணிப்பால். குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்காலும், கூலி நெல்லைக் கொடுக்க வேறொரு மரக்காலுமாகக் கள்ள அளவை வழங்கிய பண்ணைகளும் உண்டு. விலை ஏறிய காலத்தில் ஒவ்வொரு குறைபடியும் ஒரு குழந்தையின் கஞ்சியைப் பறித்தது.

1943இல் கன்னட நாட்டில் பிறந்த பி. சீனிவாசராவ் இப்பகுதிக்கு வந்தார். மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. சவுக்கடி ஒழிய வேண்டும், சாணிப்பால் ஒழிய வேண்டும், முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்று உழைப்பவர் கேட்டனர். 1944இல் நிலவுடைமையாளரும் சங்கத்தாரும் அரசு அலுவலர் முன்னிலையில் பேசி ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். மன்னார்குடி ஒப்பந்தம் என்று பெயர் பெற்ற அதனால் சவுக்கும் சாணிப்பாலும் விலக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவர், கோரிக்கை உடையவராகப் பேச்சில் இடம்பெற்றது அதனினும் பெரிய மாற்றமாகும்.

ஒப்பந்தத்தோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. பண்ணையாள்களும் குத்தகையாளரும் நிலத்தை விட்டு வெளியேற்றப்படுவது தொடர்ந்தது. அதனைத் தடுக்க, இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, 1952இல் தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உழவனுக்கு என்று அது வரையறுத்தது.

பேச்சு முறிந்தால் என்ன நேரும் என்பதற்குக் கீழவெண்மணி சான்று. அன்றைய கிழக்குத் தஞ்சையில் அமைந்த அச்சிற்றூரில் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு எழுந்த பூசல், பகையாக முற்றியது. சங்கத்தை விட்டு விலகுமாறு உழைப்பவர் வற்புறுத்தப்பட்டனர். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் தீயில் மாண்டனர். மறு ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய கூலிக்கு 44 உயிர்கள் விலையாயின.

அத்தீக்குப் பின்னர் அங்கே சென்றவர்களுள் சர்வோதய நெறியினரான கிருஷ்ணம்மாளும் அவர்தம் கணவர் ஜெகந்நாதனும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் பழிக்குப் பழி தேடவில்லை. 1981இல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' தொடங்கி, நிலவுடைமையாளரோடு பேசி, விலை கொடுத்து நிலம் வாங்கி, நிலமற்ற குடும்பத்துப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வாய்க்கால் நீரில் பயிர் செய்யும் நிலை அதனால் உண்டாயிற்று.

இவ்வரலாறு, நிலத்தோடும் நெல்லோடும் வாழ்ந்து வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு அயலானதன்று. கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களுள், குறைத்துக் கொடுத்தும் கூட்டி வாங்கியும் அளக்கும் பொய்யளவையும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. கொல்லாமையைக் காக்க விரும்புவோர் கள்ளாமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தஞ்சை மண் கண்ணீரோடு மெய்ப்பித்தது. வெண்மணியில் கனன்ற நெருப்பு, பல்லாண்டுகள் முன்பே களத்துமேட்டில் குறைந்த படியில் புகையத் தொடங்கியது.

இன்று கூலி பணமாகிவிட்டது. மரக்கால் பரணில் உறங்குகிறது. ஆயினும் அளக்கும் கை ஓயவில்லை. நடவுக்கு வரும் பெண்ணுக்கும், கடையில் நிற்கும் பணியாளனுக்கும், வீட்டு வேலைக்கு வருபவருக்கும் ஒவ்வொரு நாளும் ஏதோவொன்று அளக்கப்படுகிறது. திருவிழா முடிந்து இல்லம் திரும்பும் பெரியோர், பரணிலுள்ள மரக்காலை இறக்கித் துடைத்து, அதன் கதையைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்வார்களாக. அளவு நேராகுக, அமைதி நிலைபெறுக!