பழைய பூகோள உருண்டைகள்

பிழையான பூகோள உருண்டை மாணவனுக்குப் பயன்படாது. ஆனால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த உருண்டைகளுக்கோ அவற்றின் பிழையே பெருஞ்செல்வம் என்று நான் சொன்னால், நேயர்கள் வியப்படையலாம். அது எவ்வாறு என்பதை விளக்க முயல்கிறேன்.

இன்று எஞ்சியுள்ள நில உருண்டைகளுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது, ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் உள்ளது. மார்ட்டின் பெஹைம் என்னும் வணிகர் முன்னின்று 1490க்கும் 1492க்கும் இடையே அதைச் செய்வித்தார். குறுக்களவு சுமார் 51 சென்டிமீட்டர். துணியைப் பல படலங்களாக ஒட்டி அமைத்த கோளத்தின்மேல், கியோர்க் குளோக்கெண்டோன் என்னும் ஓவியர் படத்தைத் தீட்டினார்.

1492 என்பது கொலம்பஸ் கப்பலேறிய ஆண்டு அன்றோ? ஆகவே பெஹைமின் உருண்டையில் அமெரிக்கா இல்லை. ஐரோப்பாவுக்கு மேற்கே கடலும் தீவுகளும், அவற்றைத் தாண்டினால் ஜப்பான், அவ்வளவுதான். நம் நாட்டின் தீபகற்ப வடிவமும் அதில் காணப்படவில்லை. இலங்கையோ மிகப் பெரிய தீவாக விரிந்து கிடக்கிறது. தாலமி என்ற பண்டைய கிரேக்க அறிஞரின் கணக்கையே அக்காலத்தார் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கையை நாம் இன்று கண்ணால் காண்பதற்கு இந்த உருண்டையே சாட்சி. பதினைந்தே ஆண்டுகள் கழித்து, 1507இல், வால்ட்ஸேமுல்லர் அச்சிட்ட உருண்டைத் தாளில் 'அமெரிக்கா' என்னும் பெயர் தோன்றிவிட்டது.

இத்தகைய உருண்டைகளை எவ்வாறு செய்தனர்? பிற்காலத்தில் நிலைபெற்ற முறை இது. அச்சு ஒன்றின்மேல் ஈரத்தாளையும் பசையையும் மாறிமாறி ஒட்டி, காய்ந்தபின் இரண்டு அரைக்கோள ஓடுகளாக எடுப்பார்கள். நடுவே மரத்தண்டு ஒன்றை நிறுத்தி, ஓடுகளை இணைத்து, மேலே வெண்சாந்து பூசுவார்கள். அரைவட்டமாக வெட்டிய தகட்டின் ஓரமாக அதைச் சுழற்ற, மிகையான சாந்து வழிக்கப்பட்டுக் கோளம் சீராகும். ஒரு பக்கம் கனத்தால், எதிர்ப்பக்கத்தில் ஈயக் குண்டுகளை இட்டு நிறையைச் சமன் செய்வார்கள்.

இனித்தான் உண்மையான சோதனை. தட்டையான தாள் உருண்டையின்மேல் சுருக்கமின்றிப் படியாது. ஆகையால் படத்தை, ஆரஞ்சுச் சுளைபோல் இரு முனையும் கூர்ந்த துண்டுகளாக, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டனர். பன்னிரண்டு சுளைகளானால் ஒவ்வொன்றும் 30 பாகை. பசையில் நனைந்த தாள் விரியும். அந்த விரிவை முன்கூட்டியே மதித்துச் சுளையைச் சற்றுச் சிறிதாகச் செதுக்க வேண்டும். மதிப்புத் தவறினால், ஒரு சுளையில் ஓடிவரும் நதி அடுத்த சுளையில் வந்து சேராது! 1541இல் உருண்டை செய்த மெர்கேட்டர், சுளைகளின் கூர்முனைகளை வெட்டிவிட்டுத் துருவங்களுக்கு வட்டத் தாள்களைத் தனியே ஒட்டினார். அங்கே தாள்கள் நெருங்கிக் குவியும் தொல்லையை அது நீக்கியது.

இத்தனை பாடுபட்டுச் செய்த உருண்டைக்குக் காலம் மட்டும் பகையன்று. நம் நல்லெண்ணமும் பகையாகலாம். பெஹைமின் உருண்டையை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர்கள், மங்கிய எழுத்துகளின்மேல் மீண்டும் எழுதினார்கள். சரியாகப் படிக்க இயலாத இடங்களில் பெயர்கள் சிதைந்தன. பெஹைம் எழுதுவித்தது எது, பின்வந்தவர் எழுதியது எது என்று ஆராய்ச்சியாளர் திகைக்க நேர்ந்தது. பழைய பிழை ஒரு காலத்தின் அறிவைக் காட்டியது. புதிய பிழையோ அதனை மறைத்தது.

2023இல் யுனெஸ்கோ அந்த உருண்டையை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலகின் சரியான வடிவம் நமக்கு வேறிடத்தில் கிடைக்கும். மனிதர் அதை எவ்வாறெல்லாம் கருதினர் என்பதோ, இந்த மங்கிய தாள்களிலேதான் கிடைக்கும். ஆதலால் பழைய உருண்டை ஒன்று நம் கைக்கு வந்தால், தூசியை மெல்லத் துடைப்போம். அதன் பிழையைத் திருத்தாது விடுவோம்.