வேலியும் உறுதியும்



நயினாதீவுக்குச் செல்வோர் குறிகட்டுவான் துறையில் படகேறுவதற்கு முன் புங்குடுதீவைக் கடந்தே ஆகவேண்டும். கூரையிழந்த கல்வீடுகளையும் வடலி மூடிய வளவுகளையும் வழியெங்கும் காணலாம். 1991இல் அவ்வூர் மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். இன்று அவர்களும் அவர்தம் மக்களும் கொழும்பிலும் சுவிற்சர்லாந்து, பிரான்சு, கனடா முதலிய நாடுகளிலும் வாழ்கின்றனர். காணி அங்கேயே கிடக்கிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகத்தாருக்கு இந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அக்காணிகளைத் தேசவழமைச் சட்டம் ஆளுகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் ஏற்கப்பட்ட வழமை அது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைச் சொத்தை அது வகுத்தது. தலைமுறைதோறும் பங்குகள் பெருகியும் நிலம் பிரிக்கப்படாதிருப்பதால், நான்கு பரப்புக் காணிக்குப் பலர் கூட்டுரிமையாளராக நிற்பதைக் காண்கிறோம்.

இத்தகைய பங்கினை உரிமையாளர் விரும்பியவாறு அந்நியருக்கு விற்றுவிடலாகாது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டத்தின்படி கூட்டுரிமையாளருக்கும் வாரிசாகக்கூடியோருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். நமது ஷரீஅத்தில் ஷுஃப்ஆ எனப்படுவதும் இதுவே. பிரிக்கப்படாத சொத்திலே பங்காளிக்கு அறிவியாமல் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எல்லைகள் வகுக்கப்பட்டு வழிகளும் பிரிந்துவிட்டால் அவ்வுரிமை இல்லை என்பதையும் ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். அயலவருக்கும் அவ்வுரிமை உண்டென்பது ஹனபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. நம்மவரின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி மத்ஹபுக்கு அமைய நடப்பினும், தீவுப்பகுதியில் காணி வாங்குவோர் விற்பவரின் சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

அடுத்தது வேலி. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் உரிமையாளரை மறுத்துப் பத்தாண்டுகள் இடையறாது காணியை ஆண்டால் உரித்துக் கோரலாம். போரினால் வழக்காட இயலாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து நீக்கியது. ஆயினும் இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டுமென அதிலே விதி இருந்தது. அகதி வாழ்வினருக்கு இரண்டாண்டு எம்மாத்திரம்? அச்செய்தியே பலரை எட்டியிராது என்பதே எமது எண்ணம்.

ஊரில் எஞ்சியிருந்த உடன்பிறந்தார் பராமரித்த காணியெனில் நிலை வேறு. ஒரு பங்காளியின் ஆட்சி ஏனைய பங்காளிகளுக்காகவும் நடைபெறும் ஆட்சியே என்று 1911இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. மற்றவரை வெளிப்படையாக மறுத்ததற்குச் சான்று வேண்டும்.

நேயர்களே, வேலியை நகர்த்தியவர் நீதிமன்றில் வென்றாலும் விடயம் அத்துடன் தீர்வதில்லை. நாவன்மையால் வென்று பிறர் உரிமையைத் தமக்கெனத் தீர்ப்புப் பெறுபவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்று நபியவர்களே தம் தீர்ப்பைக் குறித்து எச்சரித்துள்ளார்கள்.

பெண்கள் பற்றியும் ஒரு சொல். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாது. கணவன் காணாமற்போன பெண் யாரிடம் கையொப்பம் பெறுவாள்? சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றின் அனுமதியைக் கோரும் வழி அச்சட்டத்திலேயே உண்டு. இதை அவளுக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு. இஸ்லாத்தில் மனைவியின் சொத்து அவளுடையதே. கணவனுக்கு அதில் தடைபோடும் உரிமை இல்லை.

உறுதி தொலைந்துவிட்டதென்று மனமுடைவோரும் உளர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. கடனை எழுதிச் சாட்சி வைக்குமாறு பணிக்கும் சூரா அல்பகராவின் நீண்ட வசனத்தை ஓதுவோருக்கு இது புதிதன்று. நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியின் துணைப்பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். ஆகவே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை முதியோரிடம் இப்போதே கேட்டறிந்து, அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டிலிருப்போர் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் மூலம் ஒருவரை நியமிக்கலாம். அதில் விற்கும் அதிகாரத்தைத் தேவையின்றிக் கொடாதீர்கள். பார்வையிடவும் பிரதி பெறவும் மட்டுமென வரையறுத்து எழுதுங்கள்.