ஏமாந்தோம் என்று தெரிந்த நாள்

(கொல்கத்தாவில் நம் உறுப்பினர்களின் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வியாபாரத்தில் பொய் சொல்லி நம்மிடம் பணம் வாங்கியவர்கள் மீது சட்டப்படி என்ன செய்யலாம் என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வக்கீல் அல்ல. நாற்பது வருடம் பிறத்தியார் கணக்கைப் பார்த்தவன். ஆனால் இந்த விஷயத்தில் என் சொந்தக் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் உபதேசம் செய்தால் நியாயமாகாது.

என் பெரியப்பா பிள்ளை, டல்ஹவுசி ஸ்கொயரில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1996இல் பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தைக் கொடுத்து, தெரிந்தவர் ஒருவரின் பாக்கெட் டீ வியாபாரத்தில் பாதிப் பங்கு வாங்கினார். "கடனே கிடையாது, கிடங்கில் இருப்பதெல்லாம் நம் சரக்கு" என்று அந்த மனிதர் எழுத்திலேயே கொடுத்திருந்தார். மாதா மாதம் லாபம் என்று ஒரு தொகை வந்தது. 1998 பிப்ரவரியில் அண்ணா கிடங்குக்குப் போனபோதுதான், சரக்கெல்லாம் வேறொருவருக்கு அடமானம் என்று தெரிந்தது.

அன்று இரவு லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த என் ஆத்துக்கு வந்தார். "என்னடா பண்ணலாம்?" என்றார். நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "அவசரப்படாதேங்கோ அண்ணா. தெரிஞ்சவர்தானே, கோர்ட்டுன்னு போனா வர்றதும் நின்னுடும். கொடுக்கறதை வாங்கிண்டு பொறுமையா இருங்கோ." அவரும் பொறுமையாக இருந்தார். 2001 ஆகஸ்டில், வருவதும் நின்ற பிறகு, ஹைகோர்ட் அருகே ஓல்ட் போஸ்ட் ஆபீஸ் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீலிடம் போனோம். எல்லாக் காகிதங்களையும் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏமாந்தோம் என்று உங்களுக்குத் தெரிந்த நாள் எது?"

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டு வகைப் பொய்களைப் பிரித்துச் சொல்கிறது. 17ஆம் பிரிவு மோசடி: பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்வது; நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும். 18ஆம் பிரிவு தவறான கூற்று: உண்மை என்று நம்பியே தவறாகச் சொல்வது. இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து டிராம் கம்பெனி ஒன்று, நீராவியில் வண்டி ஓட்ட உரிமை உண்டு என்று சொல்லிப் பங்கு விற்றது. அரசின் அனுமதி பிறகு கிடைக்கவில்லை. இயக்குநர்கள் உண்மை என்று நம்பித்தான் சொன்னார்கள், ஆகையால் அது மோசடி ஆகாது என்று 1889இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மனதில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

இரண்டிலும் 19ஆம் பிரிவின்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மற்றவர் சொன்னது வெறும் தவறான கூற்றாகவோ, வாய்மூடி மறைத்ததாகவோ இருந்து, சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்து கேட்க முடியாது. அடுத்தது, உண்மை தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தின் பலனை வாங்கிக்கொண்டிருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே எதிர்த்தரப்பு வாதிக்கும். "கொடுக்கறதை வாங்கிக்கோங்கோ" என்று நான் சொன்னேனே, அதன் விலை அது.

காலக்கெடு அதைவிடக் கடுமை. 1963ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தில், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க மூன்று வருடம்தான். மோசடி மறைந்திருக்கும் வரை கடிகாரம் ஓடாது. தெரிந்த நாளில் ஓட ஆரம்பிக்கும். அண்ணாவுக்கு 2001 பிப்ரவரியோடு காலம் முடிந்துவிட்டது. நாங்கள் போனது ஆறு மாதம் கழித்து. இடையில் அந்த மனிதரிடம் "இவ்வளவு தர வேண்டியது பாக்கி" என்று ஒரு வரி கையெழுத்தோடு வாங்கியிருந்தால், அந்தப் பாக்கிக்காவது கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாகக் காலம் கிடைத்திருக்கும். அதையும் நான் சொல்லவில்லை.

உறவினர் ஒருவர், "தெரிந்த நாளை ஒரு வருடம் தள்ளிச் சொன்னால் போச்சு, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். அண்ணாவின் டைரியில் கிடங்குக்குப் போன தேதி அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவர் சொன்னார்: "அவன் பொய் சொல்லி என்னை ஏமாத்தினான். நான் பொய் சொல்லி அவனை ஜெயிக்கணுமா?" வழக்குப் போடவில்லை. மன்னியின் நகைகள் சில போயின. கடைசி வரை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பாரமாக இருக்கிறது.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட அனுபவம் புதிதல்ல. சஞ்சயிதா இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1975இல் வெறும் 7,000 ரூபாய் முதலில் தொடங்கிய கூட்டு நிறுவனம். ரசீதில் 12 சதவீத வட்டி. கையில் 48 சதவீதம் வரை. 1980இல் வழக்குப் பதிவாகி சோதனைகள் நடந்தன. ஆனால் அரசு கையிலெடுத்தது பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் வருடத்துச் சட்டம். அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் இது வரவில்லை என்று 1982 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணையையே ரத்து செய்தது. நிறுவனம் யோக்கியமானது என்று நீதிமன்றம் சான்று கொடுக்கவில்லை. எடுத்த ஆயுதம் தவறு என்றது. அதன் பின்னரே தனி நபர்களும் கூட்டு நிறுவனங்களும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கு ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் வரம்பு வந்தது.

2013 ஏப்ரலில் சாரதா குழுமம் விழுந்தது. ஏழைகள் லட்சக்கணக்கில் பணம் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஷியாமல் சென் தலைமையில் ஆணையம், 500 கோடி ரூபாய் நிவாரண நிதி என்று மாநில அரசு அறிவித்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இத்தனைக்குப் பிறகு, ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019இல் வந்தது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது.

சென்னை அன்பர்கள் சிரிக்க வேண்டாம். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது மதராஸில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அப்போது வி. கிருஷ்ணசாமி ஐயர் கடன் கொடுத்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதம் சிறை சென்றார். ஐயர் அதோடு நிற்கவில்லை. அவரைப் போன்றவர்களின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

இனி, நீங்கள் கையோடு எடுத்துப் போக வேண்டியவை.

முதலாவது, சந்தேகம் வந்த அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸ் அனுப்புவது சண்டை போடுவதாகாது.

இரண்டாவது, வழக்கில் "ஏமாற்றிவிட்டார்" என்று மட்டும் எழுதினால் போதாது. யார், எப்போது, என்ன பொய் சொன்னார் என்ற விவரம் வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கேட்கிறது. கடிதம், கணக்கு, குறுஞ்செய்தி எதையும் கிழிக்காதீர்கள்.

மூன்றாவது, வாக்குத் தவறியவரெல்லாம் குற்றவாளி ஆக மாட்டார். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் போலீஸ் வழக்கு நிற்கும். முன்பு 420 என்று சொன்னோமே, 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. போலீஸில் புகார் கொடுத்ததால் சிவில் வழக்கின் கடிகாரம் நிற்காது. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

நான்காவது, காசோலை திரும்பி வந்தால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ்; கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

ஐந்தாவது, மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளில், அவசரத் தடை கேட்காதவரை, முதலில் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். அந்த நாட்கள் காலக்கெடுவில் சேராது. மான அவமானம் பார்ப்பவர்களுக்கு அது நல்ல வாசல்.

நம்மில் பலருக்கு, ஏமாந்தேன் என்று வெளியே சொல்லவே கூச்சம். படித்தவன், பேங்கில் இருந்தவன், ஆடிட்டர் வீட்டுக்காரன் என்ற கௌரவம் வாயைக் கட்டிவிடுகிறது. ஏமாற்றுகிறவன் கணக்கிட்டு வைத்திருப்பதும் அந்தக் கூச்சத்தைத்தான். நாளைக்கு உங்கள் அண்ணாவோ, அத்திம்பேரோ ராத்திரி வந்து கதவைத் தட்டி "என்ன பண்ணலாம்?" என்று கேட்டால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள். காபி கொடுங்கள், தேதியை எழுதச் சொல்லுங்கள், காலையில் கூடவே வக்கீலிடம் போங்கள்.